உக்கிரபாண்டியின் மூக்கும் பெரியம்மாளின் கணுக்காலும்

கல்யாணப் பந்தியில் உக்கிரபாண்டி வந்து உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர்கள் எலுமிச்சைச் சாதம் வரப்போகிறது என்று இலையில் ஓர் ஓரமாக இடம் ஒதுக்கி வைப்பார்கள். சாதம் வராது. வாசம் அவரிடமிருந்து வந்தது. சட்டை, வேட்டி, தலைமுடி, நகக்கண் எல்லாம் அதே வாசம். பஸ்சில் அவருக்குப் பக்கத்து இடத்துக்குப் போட்டி உண்டு, கொசு அண்டாது என்பதால். தெருநாய்கள் மட்டும் அவரைக் கண்டால் ஒரு தும்மல் போட்டுவிட்டு எதிர்ப்புறமாகப் போய்விடும்.

போடிக்கு மேற்கே முந்தல். முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிற சரிவில் பாதி தூரத்தில், ஓர் ஓடைக்கரையில், அவருடைய தைல அடுப்பு இருந்தது. மலையில் தானாக முளைக்கிற, எலுமிச்சை மணக்கிற சுக்குநாறிப் புல்லை அறுத்துக் கொண்டுவந்து ஆள் உயரச் செம்புக் கொப்பரைக்குள் திணித்து, அடியில் தண்ணீர் விட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி, தீ மூட்டுவார். ஆவி ஒரு வளைந்த குழாய் வழியாக ஓடைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து, மறுமுனையில் சொட்டுச் சொட்டாக வந்து சேரும். கீழே தண்ணீர், மேலே மஞ்சளாகத் தைலம். தைலத்தைக் கரண்டியால் வழித்து டின்னில் ஊற்றினால் அது போடிக்குப் போகும், போடியிலிருந்து கொச்சிக்குப் போகும், கொச்சியிலிருந்து கப்பலேறிப் போகும். சீமையில் அதை வைத்து சோப்பும், சென்ட்டும், ஏதோ வைட்டமின் மாத்திரையும் செய்கிறார்களாம். உக்கிரபாண்டிக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. "நம்ம மாடு திங்காத புல்லை வெள்ளைக்காரன் மாத்திரையாத் திங்கிறான்னா, அவன் ஊருல வேற என்ன பஞ்சமோ" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அடுப்போடு பதினாலு வருஷம். சரிவில் தைலம் காய்ச்சுகிறவர்கள் அஞ்சாறு பேர் இருந்தார்கள். தேங்காயெண்ணெய் கலக்கிறவன் உண்டு, சீமெண்ணெய் கலக்கிறவன் உண்டு. கலக்காதவர் என்று பஜாரில் பெயர் சொல்லிச் சொல்கிற ஒரே ஆள் உக்கிரபாண்டி. அவருக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. நிலம் இல்லை, படிப்பு இல்லை, பாட்டும் வராது. இந்த ஒன்றுதான்.

இதற்கு அடியில் ஒரு ரகசியம் இருந்தது. உக்கிரபாண்டிக்குத் தன் தைலத்தின் வாசம் தெரியாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் கொப்பரையைத் திறந்தவர், புல் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து போனார். வாசமே இல்லை. கூட இருந்தவன் "கண்ணுல தண்ணி வருதுய்யா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிய பிறகுதான் விஷயம் விளங்கியது. போனது புல்லின் வாசம் இல்லை, அவருடைய மூக்கு. அதுவும் முழுசாகப் போகவில்லை. கருவாடு தெரியும், பீடி தெரியும், மழைக்கு முந்தின மண் தெரியும், ஏலக்காய் கால் மைலுக்கு அப்பால் வந்தாலே தெரியும். இந்த ஒரு வாசத்துக்கு மட்டும் மூக்கு கதவைச் சாத்திக்கொண்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. தைலக்காரனுக்குத் தைல வாசம் தெரியாது என்றால் ஊர் சிரிக்காதா? யாராவது அடுப்படிக்கு வந்தால் விரலைத் தைலத்தில் தொட்டு மணிக்கட்டில் தேய்த்து, கண்ணை மூடி, மூச்சை நீளமாக இழுத்து, மெல்லத் தலையாட்டுவார். பார்த்தவர்கள் பயபக்தியோடு நிற்பார்கள்.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை ஒரு டின்னைத் தலைச்சுமையாக முந்தலுக்கு இறக்கி, அங்கிருந்து ஜீப்பில் ஏற்றிப் போடிக்குக் கொண்டுபோனார். பஜாரில் யோசேப்பு கடை. ஏலக்காய், மிளகு, தேன், தைலம் எல்லாம் வாங்குகிற பெரிய கடை. யோசேப்பு நல்ல மனிதர்தான், ஆனால் சந்தேகம் அவருக்குப் பிறவி வியாதி. காலையில் கோழி கூவினால்கூட யார் கூவ வைத்தது என்று எழுந்து பார்ப்பார்.

தைலத்தைச் சோதிப்பது அவர் தங்கை ஜெயபாக்கியம். மிஷன் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் மருந்து கலக்கி ஓய்வு பெற்று வந்தவர். ஊரில் கம்பவுண்டரம்மா என்றே பெயர். அவர் சோதனைக்கு ஸ்பிரிட்டு வேண்டும். மதுவிலக்கு வந்து ஊரே வறண்டு கிடந்த காலம் அது. போடி முழுக்கச் சட்டப்படி இருந்த ஒரே சாராயச் சாதி அந்தக் கடையின் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த அந்த ஒரு குப்பிதான். பெர்மிட் கம்பவுண்டரம்மா பேரில். அவர் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டால் பஜாரில் பாதிப் பேர் சும்மா வந்து நிற்பார்கள். குடிக்க இல்லை, பார்க்க.

சோதனை எளிமையானது. கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஒரு பங்கு தைலம், மூன்று பங்கு தண்ணீர் சேர்த்த ஸ்பிரிட்டு. குலுக்கினால் ஓடைத் தண்ணீர் மாதிரித் தெளிய வேண்டும். தெளிந்தால் நல்ல தைலம்.

ஜெயபாக்கியம் ஊற்றினார், குலுக்கினார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். குழாய்க்குள் அரிசி களைந்த தண்ணீர் மாதிரிக் கலங்கிக் கிடந்தது.

"இன்னொரு தடவை பாரு பாக்கியம்" என்றார் யோசேப்பு.

இன்னொரு தடவையும் அதே கழுநீர்.

"பழைய தைலமா?" என்று கேட்டார் ஜெயபாக்கியம்.

"வியாழக்கிழமை வடிச்சதும்மா."

ஜெயபாக்கியம் ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டு விசிறினார். கொஞ்ச நேரத்தில் சொட்டு பறந்துபோனது, காகிதத்தில் கறை இல்லை. "தேங்காயெண்ணெய் இல்லை அண்ணே. இருந்தா காகிதத்துல எண்ணெய் நிக்கும்."

"அப்போ சீமெண்ணெய்" என்றார் யோசேப்பு. "அதுவும் பறக்கும்ல. டின்னைப் பாரு, சீமெண்ணெய் டின்னுதானே."

"முதலாளி, போடியில எல்லாரும் சீமெண்ணெய் டின்னைக் கழுவித்தான் கொண்டாறாங்க. நெய் டின்னு வாங்க நான் என்ன ஜமீனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யோசேப்பு சிரிக்கவில்லை. "பதினாலு வருஷம் ஒருத்தன் யோக்கியனா இருந்தா, அவன் சமயம் பார்த்துட்டிருக்கான்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, தார்ச் சட்டியை எடுத்து வரச் சொன்னார்.

அந்த பஜாரில் ஒரு வழக்கம் இருந்தது. கலப்படம் என்று ஒதுக்கிய டின்னில் தாரால் குறுக்குக் கோடு இரண்டு இழுத்து, கொண்டுவந்தவர் பேரையும் எழுதி, கடை வாசலில் வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்த பிறகு எந்தக் கடையும் அந்த ஆளின் சரக்கைத் தொடாது. குறியைப் போட்ட கடைக்காரரே அழித்தால்தான் உண்டு. உக்கிரபாண்டி எத்தனையோ பேர் டின்னை அந்த வாசலில் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார். அன்றைக்குத் தன் பேரைத் தார் எழுத்தில் பார்த்தார். எழுதினவன் 'உக்கிர' என்பதைப் பெரிசாக ஆரம்பித்து இடம் போதாமல் 'பாண்டி'யைக் குட்டியாக நெருக்கியிருந்தான். அது வேறு.

முந்தலில் வீட்டுக்கு வந்து அன்னக்கொடியிடம் விஷயத்தைச் சொன்னார். அன்னக்கொடி அவர் மனைவி, அதிகம் பேசாதவள். கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துக்கொண்டே, "ரெண்டு வாரமா உங்க சட்டை வேற மாதிரித்தான் மணக்குது" என்றாள்.

"வேற மாதிரின்னா?"

"எலுமிச்சை கம்மி. பச்சைப் புல்லு வாசம் தூக்கலா இருக்கு. நான் அப்பவே சொன்னேனே, நீங்கதான் எனக்கா தெரியாதுன்னீங்க."

உக்கிரபாண்டி சட்டையை வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை விடியும்போது சிலமலைப் பெண்கள் மலையேறினார்கள். ஏலத்தோட்டத்துக் காய் பறிக்கிற கூட்டம். திங்கள் ஏறினால் சனி இறங்குவார்கள். ஏறுகிற வழியில் உக்கிரபாண்டியின் அடுப்படியில் நின்று, தைலம் வழித்தபின் மிச்சமாகிற தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போவது வழக்கம். மேலே ஏலக்காட்டுக்குள் மழைக்காலத்தில் அட்டை தரையெல்லாம் நெளியும். புகையிலை, சுண்ணாம்பு, உப்புத் துணி என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் இருந்தாலும், காலில் இந்தத் தைலத்தண்ணியைத் தடவினால் அட்டை பாதி தூரம் வந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று பெண்களுக்குத் தெரியும். கீழே கொட்டுகிற தண்ணீர்தானே என்று அவரும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு முன்னால் வந்தவள் பெரியம்மாள். அவள் குரல் வளைவு திரும்புவதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

"பாண்டியண்ணே, உன் தண்ணியில சத்து செத்துப் போச்சு. போன வாரம் பூரா அட்டை என் கால்ல கும்மியடிச்சுச்சு. இங்க பாரு." சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். சிவந்த புள்ளிகள் கொலுசு போட்ட மாதிரிச் சுற்றி வந்தன. "இதுக்கு நான் பச்சைத் தண்ணியத் தடவியிருந்தாக்கூட மரியாதைக்குப் பயந்து நாலு அட்டை போயிருக்கும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். உக்கிரபாண்டி சிரிக்கவில்லை. "எப்ப இருந்து?"

"ரெண்டு வாரமா. அதுக்கு முந்தின புட்டி நல்லா இருந்துச்சு. அதுல அரைப்புட்டி மேலே லயத்து வீட்டுல கெடக்கு, மிச்சம் புடிச்சு வச்சிருக்கேன்."

ரெண்டு வாரம். அன்னக்கொடியும் அதைத்தான் சொன்னாள். யோசேப்புக்குக் கலங்கினதும் அந்த ரெண்டு வாரத்துத் தைலம்தான். மூணு பேரும் மூணு இடத்திலிருந்து ஒரே நாளைத் தொடுகிறார்கள் என்று பட்டதும், உக்கிரபாண்டி அடுப்பை அப்படியே மச்சினன் கன்னையனிடம் விட்டுவிட்டுப் பெண்களோடு மலையேறினார்.

ஏலக்காட்டுக்குள் போனதும் வேட்டியை மடித்துக் கட்டினார். வலது காலில் பெரியம்மாளின் பழைய புட்டித் தண்ணீர், இடது காலில் இந்த வாரத்துத் தண்ணீர். ஈரச் சருகுக்குள் ஒரு மரத்தைச் சுற்றி நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். பறிக்கிற பெண்கள் வேலையை விட்டுப் பார்த்தார்கள். மலையாளத்துக் கணக்கப்பிள்ளை ஒருத்தர் "எந்தா இது, நேர்ச்சையா?" என்று நேர்த்திக்கடனாக நினைத்துக் கேட்டுவிட்டுப் போனார்.

கால் மணி நேரம் கழித்துப் பெரியம்மாள் குனிந்து எண்ணினாள். "வலது கால்ல ஒண்ணு. அதுவும் ஏறலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு நிக்குது. இடது கால்ல பதினொண்ணு. அண்ணே, இடது காலு ஒனக்குச் சொந்தக் காலுதானே, வலிக்கலையா?"

வலித்தது. ஆனால் அவர் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்திருந்தது. சரக்கு நிஜமாகவே மாறியிருக்கிறது. அப்படியானால் மாறியதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் இருந்தால் காட்டலாம்.

கீழே இறங்கி வந்து கன்னையனைக் கேட்டார். "மாப்ளே, ரெண்டு வாரமா எங்க புல்லு அறுக்கிறே?"

"ஓடைக்கு அந்தப் பக்கம், மச்சான். நீங்கதானே போகச் சொன்னீங்க."

அவர்தான் சொன்னார். வழக்கமாகத் தை மாசத்தில் கிழக்குச் சரிவில் தீ வைப்பார்கள். பழைய தாள் எரிந்து, முதல் மழைக்குப் புதுப் புல் துளிர்க்கும். அந்த வருஷம் பக்கத்து ஏலத்தோட்டத்து மானேஜர், பொறி பறந்து தன் நிழல் மரங்களில் பிடித்துவிடும் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதால் தீ வைக்கவில்லை. ஓரத்தில் அறுக்கத் தோதான இடமெல்லாம் முடிந்த பிறகு, கிழக்குச் சரிவின் மிச்சம் பழைய சருகும் புதுப் புல்லுமாகச் சிக்கிக் கிடந்தது. அறுத்தால் பாதி வைக்கோல்தான் வரும். ஓடைக்கு அந்தப் பக்கமோ புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து தளதளவென்று நின்றது. அரிவாள் வெண்ணெயில் போவது மாதிரிப் போனது. கன்னையனுக்கு அதில் ஒரு பூரிப்பு வேறு. "தண்டைப் பாருங்க மச்சான், வெள்ளை வெளேர்னு என்னா சுத்தம்" என்று ஒரு கட்டை அவரிடமே காட்டியிருக்கிறான். அவரும் தலையாட்டியிருக்கிறார்.

இப்போது இரண்டு பக்கத்துப் புல்லிலும் ஒவ்வொன்றைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிழக்குச் சரிவுப் புல்லின் தண்டு அடியில் செங்கீரைத் தண்டு மாதிரிச் சிவந்திருந்தது. ஓடைப் புல்லின் தண்டு வெளுத்திருந்தது. இலை ஒன்றுபோல, உயரம்தான் கூடக் குறைய. பதினாலு வருஷமாகச் சிவப்பையே அறுத்தவருக்கு, வெள்ளை வேறு சாதி என்று நினைத்துப் பார்க்கவே அவசியம் வந்ததில்லை. இரண்டையும் கசக்கி மூக்கில் வைத்தார். இரண்டிலும் ஒன்றும் இல்லை.

கன்னையனிடம் நீட்டினார். "முகர்ந்து பாரு."

கன்னையன் முகர்ந்தான். "அட, இந்த வெள்ளைத் தண்டுல எலுமிச்சை பாதிகூட இல்லையே. ஏன் மச்சான், நீங்க கொப்பரையைத் திறக்கையில கவனிக்கலையா?"

"நீ கவனிச்சியா?"

"நான் அறுக்கிறவன். திறக்கிறது நீங்கல்ல."

உக்கிரபாண்டி போய் அரிவாளைத் தீட்டினார். மூன்று நாள் இருவரும் கிழக்குச் சரிவின் சிக்கலுக்குள் உட்கார்ந்து, பழைய தாளை ஒவ்வொன்றாக உருவி எறிந்து, சிவப்புத் தண்டை மட்டும் பொறுக்கி ஒரு கட்டு சேர்த்தார்கள். வெள்ளைத் தண்டு ஒரு கட்டு. சனிக்கிழமை இரண்டு கட்டையும் முந்தலுக்குச் சுமந்து இறக்கி, ஜீப்பில் போட்டுக்கொண்டு போடிக்குப் புறப்பட்டார். அன்னக்கொடி தானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். பெரியம்மாள் மலையிலிருந்து நேரே இறங்கி வந்து ஜீப்பைப் பிடித்தாள். அவள் கையில் மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் டின். "சாட்சிக்காரங்க" என்று மட்டும் சொன்னாள். ஜீப்பு டிரைவர் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, போடி வருகிற வரைக்கும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே ஓட்டினார்.

கடை வாசலில் தார்க்குறி போட்ட டின் ஒரு வாரமாக வெயிலில் நின்றது. உக்கிரபாண்டி அதைத் தாண்டி உள்ளே போய், புல்லுக்கட்டுகளை இறக்கினார்.

"முதலாளி, தைலம் கொண்டாந்தா நான் கலந்துட்டேன்பீங்க. அதான் புல்லாவே கொண்டாந்திருக்கேன். உங்க வீட்டுல, உங்க பாத்திரத்துல, உங்க கண்ணு முன்னாடி நீங்களே வடிச்சுப் பாருங்க. நான் தொடலை."

யோசேப்பு புல்லுக்கட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். புல்லுக்குள் சீமெண்ணெய் எங்கே ஒளித்திருக்க முடியும் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. ஜெயபாக்கியம் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசிமருந்துக்குத் தண்ணீர் காய்ச்சி வடிக்கிற செம்புக் கலம் ஒன்று அவரிடம் இருந்தது. கொல்லையில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்.

முதலில் வெள்ளைத் தண்டு. பிறகு கலத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, சிவப்புத் தண்டு. மத்தியானம் வரை ஆயிற்று. இரண்டு சிறு கிண்ணத்திலும் இரண்டு ஸ்பூன் அளவுக்குத் தைலம் மிதந்தது. அதற்குள் கொல்லைக்கு ஆள் சேர்ந்துவிட்டது. இரும்புப் பெட்டி திறந்த சத்தம் கேட்டு இன்னும் பத்துப் பேர் வந்தார்கள்.

சிவப்புத் தண்டுத் தைலத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் குலுக்கினார் ஜெயபாக்கியம். குழாய்க்குப் பின்னால் யோசேப்பின் மீசை முடி முடியாகத் தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

வெள்ளைத் தண்டு. குலுக்கினார். கழுநீர்.

யோசேப்பு குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார். "என்ன பாக்கியம் இது? நாமதானே வடிச்சோம்."

"நாமதான் வடிச்சோம்" என்றார் ஜெயபாக்கியம். அவருக்கும் புதுசுதான், ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம். "அண்ணே, தைலம்னா ஒரே சரக்கு இல்லை. அது ஒரு கூட்டுக்குடும்பம். நல்ல புல்லுல நூத்துக்கு எழுபது எழுபத்தஞ்சு சிட்ரால்னு ஒரு சரக்கு இருக்கும். எலுமிச்சை வாசம் அதோட வாசம். கொச்சிக்காரன் கேக்கிறதும் அதைத்தான், வைட்டமின் செய்யிறதும் அதுலதான். அது ஸ்பிரிட்டுல டக்குனு கரையும். குடும்பத்துல மத்த சில பேரு கரையமாட்டாங்க. அவங்க தலை கூடிப்போனா கலங்கும். இந்தப் புல்லுல சிட்ரால் குறைவு போல. வெளியிலருந்து யாரும் எதையும் ஊத்தலை."

"அப்போ கலப்படம் பண்ணினது புல்லுன்னு சொல்றியா?"

"ஆமா. அது பேரை டின்னுல எழுதுங்க."

"எங்க சாட்சியும் இருக்கு" என்று பெரியம்மாள் பிஸ்கட் டின்னைத் திறந்தாள். இரண்டு நூலை எடுத்து, ஒன்றைச் சிவப்புத் தண்டு வடிந்த தண்ணீரிலும் ஒன்றை வெள்ளைத் தண்டு வடிந்த தண்ணீரிலும் நனைத்துத் தரையில் வைத்தாள். டின்னிலிருந்து அட்டைகளை நடுவில் கொட்டினாள். சிவப்பு நூல் பக்கம் போனவை தொட்டதும் சுருண்டு திரும்பின. வெள்ளை நூலைக் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒவ்வொன்றாகத் தாண்டின. தாண்டியவற்றில் சுறுசுறுப்பான ஒன்று நேராக யோசேப்பின் வேட்டிக்குப் போனது. கொல்லை முழுக்க இடம் காலியானது.

அட்டையைப் பிடுங்கி எறிந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து உட்கார்ந்த பிறகும் யோசேப்புக்கு முழுசாக மனசு ஆறவில்லை. சந்தேகம் ஒரு வாசலில் வெளியே போய் இன்னொரு வாசலில் உள்ளே வந்தது.

"சரி, நீ எதையும் ஊத்தலை. ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்கிறேன். இந்த ரெண்டு கிண்ணத்தையும் நான் இங்க உட்கார்ந்தே முகர்ந்து சொல்லிடுவேன், எது மட்டம்னு. பஜார்ல மிளகு விக்கிறவன் நான். தைலத்துலயே பதினாலு வருஷம் நின்ன உனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதானே மட்டத்தை எனக்குத் தள்ளினே?"

கூட்டம் உக்கிரபாண்டியைப் பார்த்தது. நியாயமான கேள்வி. தெரியும் என்றால் அவர் திருடன், தார்க்குறி அங்கேயே இருக்கும். தெரியாது என்றால் ஏன் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஏழு வருஷமாக விரலைத் தேய்த்துக் கண்ணை மூடித் தலையாட்டியது எல்லாம் அவர் முன்னால் வந்து நின்றது. அந்தக் கூட்டத்திலேயே அதைப் பார்த்து பயபக்தியோடு நின்றவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"எனக்கு இந்த வாசம் தெரியாது முதலாளி."

"என்னது?"

"தைல வாசம் எனக்கு வராது. ஏழு வருஷமாச்சு. மத்ததெல்லாம் வரும். இது மட்டும் வராது. உங்க முன்னாடி முகர்ந்து பார்த்ததெல்லாம் சும்மா நடிப்பு."

கொல்லையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. கிளம்பின வேகத்திலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் ஜெயபாக்கியம் சிரிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து நாலு குப்பி எடுத்து வந்தார். உக்கிரபாண்டியின் கண்ணை முந்தானையால் கட்டும்படி அன்னக்கொடியிடம் சொன்னார். ஒவ்வொன்றாக மூக்கருகில் நீட்டினார்.

"கிராம்பு" என்றார் உக்கிரபாண்டி. "கற்பூரம். யூகலிப்டஸ், நீலகிரிச் சரக்கு." நாலாவதுக்கு நீளமாக மூச்சை இழுத்தார். "இது தண்ணிங்கம்மா."

நாலாவது சிவப்புத் தண்டுத் தைலம். திறந்த குப்பியின் வாசத்தில் பின்னால் நின்றவர்கள் தும்மிக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியில எனக்கு டெட்டால் வாசம் இப்படித்தான் போச்சு" என்றார் ஜெயபாக்கியம் மெதுவாக. "நானும் யார்கிட்டயும் சொல்லலை."

யோசேப்பு தன் தங்கையை ஒரு புது ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். பிறகு எழுந்தார். வேட்டியை நன்றாக உதறிப் பார்த்துக்கொண்டு, வாசலுக்கு நடந்தார். கடைப்பையனைக் கூப்பிடாமல், ஒரு கந்தைத் துணியைத் தானே எடுத்து விளக்குச் சீமெண்ணெயில் நனைத்து, டின்மேல் இருந்த தாரைத் தேய்க்க ஆரம்பித்தார். பஜார் பார்த்தது. 'உக்கிர' பெரிசாக இருந்ததால் அழிய நேரமாயிற்று.

"முதலாளி" என்றார் உக்கிரபாண்டி பக்கத்தில் நின்று, "பார்த்துத் தேயுங்க. உள்ள சீமெண்ணெய் இறங்கிடப் போகுது."

யோசேப்பு துணியை நிறுத்தாமல், "உனக்கு வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது" என்றார். அந்த டின்னைத் திருப்பி அனுப்பவும் இல்லை. வெள்ளைத் தண்டு என்று ஒரு சீட்டு ஒட்டி, சிட்ரால் கேட்காத சோப்புக்காரனுக்கு என்று தனியாக உள்ளே வைத்தார்.

திரும்பி வருகிற ஜீப்பில் அன்னக்கொடி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். உக்கிரபாண்டி அவள் பக்கம் திரும்பி, "உன்கிட்டயாவது சொல்லியிருக்கணும்" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "நம்ம தங்கச்சி கல்யாணத்துல உங்க வாசத்துக்குப் பக்கத்து இலைக்காரங்க இடம் ஒதுக்கினதைப் பார்த்து, எலுமிச்சைச் சாதம் வருதுன்னு நீங்களும்தானே இலையைத் துடைச்சீங்க."

டிரைவர் சிரித்ததில் ஜீப்பு ஒரு வளைவில் ஓரமாகப் போய்த் திரும்பியது.

அடுத்த தையில் மானேஜரோடு பேசி, அவர் ஆட்களையே தண்ணீர்க் குடத்தோடு எல்லையில் நிறுத்தி, கிழக்குச் சரிவில் தீ வைத்தார்கள். மழைக்கு அடிச்சிவந்த புல் நெருக்கமாக வந்தது. அதற்குள் சோதனைக்கு ஒரு ஏற்பாடும் ஆகியிருந்தது. ஒவ்வொரு வாரத்துத் தண்ணீரும் திங்கட்கிழமை பெரியம்மாளின் கணுக்காலோடு மேலே போகும். சனிக்கிழமை அவள் இறங்கி வந்து முடிவு சொன்ன பிறகுதான் அந்த வாரத்து டின்னுக்கு மூடி. ஏறின அட்டை மூன்றுக்கு மேல் போனால் கன்னையன் கட்டைப் பிரித்துத் தண்டு பார்க்க வேண்டும். ஜெயபாக்கியம்கூடப் பஜாரில் பார்த்தால் "இந்த வாரம் பெரியம்மாள் என்ன சொல்றா?" என்று கேட்டுவிட்டுத்தான் இரும்புப் பெட்டிச் சாவியைத் தேடுவார்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை காலை. டின் நிரம்பி, மூடி கையில் இருந்தது. வளைவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"பாண்டியண்ணே, இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு. அதுவும் கிழட்டு அட்டை, கண்ணு தெரியாம ஏறிடுச்சு. மூடிக்கோ."

உக்கிரபாண்டி மூடப் போனார். கை பழக்கத்தில் தானாக விரலைத் தைலத்தில் தொட்டு மணிக்கட்டில் தேய்த்தது. கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"என்ன மச்சான் வருது?" என்றான் கன்னையன்.

"உன் பீடி" என்றார் உக்கிரபாண்டி, மூடியைத் தட்டி இறுக்கினார்.